பத்தாவது ஆளை வேலைக்கு எடுக்கப் போறீங்களா? எந்தத் தொழிலாளர் சட்டம் எப்போது உங்களுக்குப் பொருந்தும்?

வேலையை விட்டுவிட்டு நண்பர்களோடு பெங்களூருவிலோ புனேவிலோ ஒரு சின்ன நிறுவனம் தொடங்கியிருக்கிறீர்கள். ஜிஎஸ்டி எண் வாங்கியாச்சு, கரன்ட் அக்கவுன்ட் திறந்தாச்சு, வரிக் கணக்கைப் பார்க்க ஆடிட்டரும் இருக்கிறார். ஆனால் ஊழியர்கள் தொடர்பான சட்டம் என்றதும், "நாம சின்ன கம்பெனிதானே, அப்புறம் பாத்துக்கலாம்" என்று தள்ளிப்போடுகிறீர்களா?

நீங்கள் லாபத்தில் இருக்கிறீர்களா, முதலீடு கிடைத்ததா என்றெல்லாம் இந்தச் சட்டங்கள் கேட்பதில்லை. பெரும்பாலும் ஒரே கேள்விதான்: உங்களிடம் எத்தனை பேர் வேலை பார்க்கிறார்கள்? 1, 10, 20 ஆகிய மூன்று எண்களை நினைவில் வைத்தாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

இன்னொரு மாற்றத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். 29 பழைய மத்தியச் சட்டங்களுக்குப் பதிலாக நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தன. சட்டத்தின் பெயர்கள் மாறினாலும் இந்த எண்கள் பெரிதாக மாறவில்லை.

முதல் ஆள் சேரும்போதே என்னென்ன பொருந்தும்?

ஒரே ஒரு ஊழியர் இருந்தாலும் குறைந்தபட்ச ஊதியம் கட்டாயம். மாதச் சம்பளம் என்றால் அடுத்த மாதம் 7-ம் தேதிக்குள் கொடுத்துவிட வேண்டும். கிளையன்ட் பணம் வரவில்லை என்பதைச் சட்டம் காரணமாக ஏற்காது.

ஒருவர் ராஜினாமா செய்தாலோ, நீங்களே அவரை நீக்கினாலோ, பாக்கி ஊதியத்தை இரண்டு வேலை நாட்களுக்குள் தர வேண்டும். "ஃபுல் அண்ட் ஃபைனல் செட்டில்மென்ட் 45 நாள் ஆகும்" என்று சொல்லும் பழக்கம் இனி செல்லாது.

சம்பளம், பதவி, சேர்ந்த தேதி எல்லாம் உள்ள நியமனக் கடிதத்தை முதல் ஆளுக்கே கொடுத்துவிடுங்கள். பின்னால் தகராறு என்று வந்தால் அது இரண்டு தரப்பையும் காப்பாற்றும்.

கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. தொழில் வரியும் அப்படித்தான்: கர்நாடகாவிலும் மகாராஷ்டிராவிலும் உண்டு, டெல்லியில் இல்லை. அலுவலகம் எந்த மாநிலத்தில் இருக்கிறதோ, அந்த மாநில விதியைப் பாருங்கள்.

பத்தாவது ஆள் வந்தால்?

இங்கே நான்கு பொறுப்புகள் சேர்ந்து வருகின்றன.

முதலாவது இஎஸ்ஐ. மாதம் 21,000 ரூபாய் வரை ஊதியம் பெறுவோருக்கு இது பொருந்தும். ஊழியர் பங்கு 0.75 சதவீதம், நிறுவனத்தின் பங்கு 3.25 சதவீதம். 20,000 ரூபாய் ஊதியத்துக்கு நீங்கள் செலுத்துவது மாதம் 650 ரூபாய். அதற்கு ஈடாக அவருக்கும் குடும்பத்துக்கும் மருத்துவ வசதியும், நோய்வாய்ப்பட்டு விடுப்பில் இருக்கும் நாட்களுக்கு உதவித்தொகையும் கிடைக்கும்.

இரண்டாவது, பணியிடப் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-ம் ஆண்டுச் சட்டம். பத்து பேர் இருந்தால் உள்ளகக் குழு அமைக்க வேண்டும். மூத்த பெண் ஊழியர் தலைவராகவும், வெளியாள் ஒருவர் உறுப்பினராகவும் இருக்க வேண்டும்; குழுவில் குறைந்தது பாதிப் பேர் பெண்கள். அமைக்காவிட்டால் 50,000 ரூபாய் வரை அபராதம். புகார் வந்த பிறகு அவசரமாகக் குழு அமைத்தால், அந்தக் குழுவை யாரும் நம்ப மாட்டார்கள்.

மூன்றாவது, மகப்பேறு விடுப்பு. முந்தைய 12 மாதங்களில் 80 நாட்களாவது வேலை பார்த்த பெண்ணுக்கு, முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் ஊதியத்துடன் விடுப்பு. அவர் இஎஸ்ஐ வரம்புக்குள் இருந்தால் அந்தத் தொகையை இஎஸ்ஐ தரும். இல்லையென்றால் நீங்கள்தான் தரணும். பட்ஜெட் போடும்போதே இதைக் கணக்கில் எடுங்கள்.

நான்காவது, கிராஜுவிட்டி. ஐந்து ஆண்டுகள் முடித்தவருக்கு, ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் ஊதியம். குறிப்பிட்ட கால ஒப்பந்தத்தில் இருப்பவருக்குப் புதிய சட்டத்தின்படி ஓராண்டு போதும்.

இருபதாவது ஆள் வந்தால்?

வருங்கால வைப்பு நிதி, அதாவது பிஎஃப், கட்டாயமாகிறது. ஊழியரிடமிருந்து 12 சதவீதம், உங்களிடமிருந்து 12 சதவீதம். 15,000 ரூபாய் ஊதியத்துக்கு ஆளுக்கு 1,800 ரூபாய். இதுபோக நிர்வாகக் கட்டணமும் காப்பீட்டுத் தொகையும் சிறிதளவு உண்டு. அந்தக் காப்பீட்டின் கீழ், பணியில் இருக்கும்போது ஊழியர் இறந்தால் குடும்பத்துக்கு 7 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும்.

போனஸ் சட்டமும் இருபது பேரில்தான் தொடங்குகிறது. தகுதியுள்ள ஊழியர்களுக்குக் குறைந்தபட்சம் 8.33 சதவீதம்.

"எங்க கம்பெனியைப் பதிவு பண்ணும்போதே பிஎஃப், இஎஸ்ஐ எண் வந்துடுச்சே, இப்பவே கட்டணுமா?" என்று பலர் கேட்கிறார்கள். 2020 பிப்ரவரியிலிருந்து, புதிதாகப் பதிவாகும் கம்பெனிகளுக்கு இந்த எண்கள் சேர்ந்தே வருகின்றன. எண் கிடைத்ததாலேயே பணம் கட்ட வேண்டியதில்லை. ஊழியர் எண்ணிக்கை வரம்பைத் தொடும்போதுதான் அந்தப் பொறுப்பு தொடங்கும்.

யாரையெல்லாம் எண்ண வேண்டும்?

பலர் சறுக்குவது இங்கேதான். பிஎஃப் வரம்புக்கு ஒப்பந்ததாரர் மூலம் வந்தவர்களும் கணக்கில் சேர்வார்கள். பெங்களூருவில் 12 பேர், ஹைதராபாத்தில் 9 பேர் என்றால், இரண்டு கிளைகளையும் சேர்த்து 21 என்று பார்ப்பதே நீண்டகால நடைமுறை. பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டமோ பயிற்சியாளர், தற்காலிக ஊழியர், தினக்கூலி எல்லாரையும் ஊழியராகவே கருதுகிறது.

ஒருமுறை வரம்பைத் தொட்டு பிஎஃப், இஎஸ்ஐ பொருந்திவிட்டால், பிறகு ஆட்கள் குறைந்தாலும் பொறுப்பு தொடரும். இருபதாவது ஆளை எடுத்துவிட்டு அடுத்த மாதம் இருவரை அனுப்பிவிட்டால் தப்பிக்கலாம் என்பது நடக்காது.

"எல்லாரையும் கன்சல்டன்ட்னு காட்டிடலாம்" என்ற யோசனையும் ஆபத்தானது. தினமும் உங்கள் அலுவலகத்துக்கு வந்து, நீங்கள் சொல்லும் நேரத்தில், உங்கள் மேற்பார்வையில், உங்களுக்கு மட்டுமே ஒருவர் வேலை பார்க்கிறாரா? அப்படியானால் ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும், நீதிமன்றம் உண்மை நிலையைத்தான் பார்க்கும்.

அடிப்படைச் சம்பளத்தைக் குறைத்துக் காட்டலாமா?

அந்த வழியும் குறுகிவிட்டது. புதிய வரையறைப்படி, படிகள் மொத்தச் சம்பளத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய தொகை ஊதியத்தோடு சேர்க்கப்படும். 40,000 ரூபாய் சம்பளத்தில் அடிப்படை 12,000, படிகள் 28,000 என்று வைத்திருந்தால், 8,000 ரூபாய் சேர்ந்து ஊதியம் 20,000 ஆகிவிடும். கிராஜுவிட்டி போன்றவற்றை அந்த 20,000-ஐ வைத்துத்தான் கணக்கிட வேண்டும்.

எந்தத் தவறு மிகவும் ஆபத்தானது?

சம்பளத்திலிருந்து பிஎஃப் தொகையைப் பிடித்துவிட்டு, அதைச் செலுத்தாமல் இருப்பது. கையில் பணம் இறுகும் மாதத்தில், "அடுத்த மாசம் சேர்த்துக் கட்டிடலாம்" என்று அந்தத் தொகையை வாடகைக்குத் திருப்பத் தோன்றும். செய்யாதீர்கள். பிடித்த நொடியிலிருந்து அது உங்கள் பணம் அல்ல.

பிஎஃப், இஎஸ்ஐ இரண்டுக்கும் கெடு அடுத்த மாதம் 15-ம் தேதி. பிஎஃப் தாமதமானால் ஆண்டுக்கு 12 சதவீத வட்டி, அதற்கு மேல் மாதத்துக்கு 1 சதவீதம் அபராதம். இவையாவது பணத்தோடு முடியும். ஊழியரின் பங்கைப் பிடித்துவிட்டுச் செலுத்தாமல் இருந்தால், நம்பிக்கை மோசடி என்ற குற்ற வழக்கே பாயலாம். வீடு வாங்கவோ மருத்துவச் செலவுக்கோ பணம் எடுக்க அந்த ஊழியர் தன் பாஸ்புக்கைத் திறந்து பார்க்கும் அன்று, விஷயம் தானாகவே வெளியே வந்துவிடும்.

இந்த வாரம் என்ன செய்யலாம்?

ஓர் எக்செல் ஷீட்டில் உங்களிடம் வேலை பார்க்கும் எல்லாரின் பெயரையும் எழுதுங்கள். பயிற்சியாளர், ஒப்பந்த ஊழியர், வேறு ஊர்க் கிளை, யாரையும் விடாதீர்கள். எண் 8 அல்லது 18 என்று வந்தால், அடுத்த ஆளை எடுப்பதற்கு முன்பே ஆடிட்டரிடமோ தொழிலாளர் சட்ட ஆலோசகரிடமோ பேசுங்கள். போன் காலண்டரில் 7, 15 ஆகிய இரண்டு தேதிகளுக்கும் மாதாமாதம் நினைவூட்டல் வையுங்கள்.

நீங்கள் முதலாளி இல்லை, ஒரு சின்ன நிறுவனத்தில் ஊழியர் என்றால், இதே பட்டியலை உங்கள் பக்கத்திலிருந்து பாருங்கள். பே ஸ்லிப்பில் பிஎஃப் பிடித்தம் காட்டுகிறதா? அது பாஸ்புக்கில் ஏறியிருக்கிறதா? ஐந்து நிமிட வேலைதான், இன்றைக்கே பார்த்துவிடுங்கள்.