அம்மாவின் விளக்கை நூர்க்க வேண்டாம்

யாழ்ப்பாணத்தில் ஜாம் போத்தல் விளக்கில் படித்தவள் நான். இப்போது கண்டிக்கு அருகே தரம் 7 பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். பொல்கொல்லையில் மறிக்கப்படும் மகாவலி நீர் சுரங்கவழியே உக்குவளைக்குப் போய் மின்சாரமாவதைச் சொன்னால் ஆவலோடு கேட்பார்கள். வீட்டு மீற்றரை வாசிக்கத்தான் தெரியாது. அதையே முதலில் பழக்கினேன்.

மாதம் 60 அலகைத் தாண்டினால் மேலதிக அலகுக்கு மட்டுமல்ல, முதல் அலகிலிருந்தே விலை கூடும். நிலையான கட்டணமும் ஏறும். 2022 ஓகஸ்டிலும் 2023 பெப்ரவரியிலும் கட்டணம் உயர்ந்தபோது எத்தனை தாய்மார் திண்டாடினார்கள்!

ஒரு மாணவி, இரவில் மிதி மெஷினில் தைத்து உழைக்கும் தாயின் விளக்கை நூர்த்துவிட்டாளாம், சிக்கனம் என்று. வகுப்பில் கணக்குப் பார்த்தோம். 9 வாட் எல்.ஈ.டி. பல்ப் தினம் 4 மணித்தியாலம் எரிந்தாலும் மாதத்துக்கு ஏறத்தாழ ஓர் அலகுதான். 1000 வாட் ஸ்திரிக்கைப்பெட்டி ஒரு மணித்தியாலம் தொடர்ந்து சூடானாலே அது போய்விடும். பிள்ளை வாயடைத்துப் போனாள்.

இப்போது சீருடைகளைத் தினமும் ஒவ்வொன்றாக அல்ல, சேர்த்து ஒரே தடவையில் அழுத்துகிறாளாம். ஈரத்துணிக்கு நேரம் கூடச் செல்லும். கண்டி மழையில் அதுதான் பெரும்பாடு.