வரிக் கணக்கும் ஆலோசகர் கடமையும்

சோழர் காலக் கல்வெட்டுகளில் 'வரிப்பொத்தகம்' என்னும் பதவிப் பெயர் காணப்படுகின்றது. வரிக் கணக்கேட்டைப் பேணிய அலுவலர்க்கு அப்பெயர் வழங்கிற்று. அன்று கணக்கு அரசின் கையில் இருந்தது; இன்று மலேசியாவில் அது குடிகளின் கையில் உள்ளது.

மலாயாவில் வருமான வரி 1948இல் நடைமுறைக்கு வந்தது. இப்பொழுது 1967ஆம் ஆண்டுச் சட்டமே அதற்கு அடிப்படை. முன்னர் அதிகாரிகளே வரியைக் கணித்து அறிவித்தனர். நிறுவனங்களுக்கு 2001இலும் தனியாட்களுக்கு 2004இலும் தற்கணிப்பு முறை வந்தது. அதன்பின் வரி செலுத்துவோரே கணித்துப் படிவம் அளிக்கின்றனர். வரி ஆலோசகரின் பொறுப்பு பெருகியது இம்மாற்றத்தாலேயே.

சுங்கை ஆயர் தாவாரில் செம்பனை பயிரிடும் ஒருவர் ஓராண்டில் குலை விற்று 90,000 ரிங்கிட் பெறுகின்றார் எனக் கொள்க. உரம், குலை வெட்டும் கூலி, லாரி வாடகை ஆகியன 30,000 ரிங்கிட். வருமானம் ஈட்டுவதற்கே ஆன செலவாதலின் இது கழிக்கத்தக்கது. எஞ்சும் 60,000இலிருந்து தமக்குரிய 9,000 ரிங்கிட் தனியாள் கழிவையும் அவர் பெறலாம். இதனை எடுத்துரையாத ஆலோசகர் கடமை தவறியவராவார். ஆனால் மகள் திருமணச் செலவைத் தோட்டச் செலவாக எழுதித் தருபவர் குற்றத்துக்குத் துணைபோனவராவார். முன்னது சட்டம் தரும் உரிமை, பின்னது ஏய்ப்பு.

இவ்விரண்டிற்கும் இடையே ஐயத்திற்குரிய நிலமும் உண்டு. இங்கிலாந்தில் வெஸ்ட்மின்ஸ்டர் கோமகன் தம் பணியாளர்க்குரிய ஊதியத்தை ஒப்பந்த உதவித்தொகையாக மாற்றி வரியைக் குறைத்தார். பிரபுக்கள் சபை 1935இல் அவர் பக்கமே தீர்ப்பளித்தது. மலேசியச் சட்டத்தின் 140ஆம் பிரிவோ, வரியைத் தவிர்க்க அமைத்த ஏற்பாடுகளைப் புறக்கணிக்கும் அதிகாரத்தைத் தலைமை இயக்குநருக்கு அளிக்கின்றது. ஆதலின் ஏட்டில் அமைந்த வடிவம் மட்டும் காப்பாகாது.

கணக்கையும் பற்றுச்சீட்டுகளையும் ஏழாண்டுகள் பேண வேண்டும். 2024 ஆகஸ்டு முதல் மின்விலைச்சீட்டு முறை படிப்படியாக வருதலின், விற்றவர் கணக்கையும் வாங்கியவர் கணக்கையும் ஒப்பிடுதல் எளிதாகின்றது.

தொழில்முறை வரி முகவர்க்கு அரசின் உரிமம் வேண்டும். எனினும் பொறுப்பு அவரோடு நிற்பதில்லை. வரி குறைந்து காட்டப்படும்படி படிவம் நிரப்ப உதவிய எவரும், தக்க கவனத்தோடு உதவியதை மெய்ப்பிக்காவிடில், 114ஆம் பிரிவின்படி தண்டனைக்கு உள்ளாகலாம். அண்டை வீட்டாருக்கு அன்பினால் படிவம் எழுதித் தரும் ஆசிரியர்க்கும் இது பொருந்தும். கேட்டதை எழுதுவது உதவியன்று. சீட்டைக் காட்டச் சொல்லி, காட்ட இயலாததை எழுத மறுப்பதே உதவி.