சுவாசக்குழாய்க்குள் கமெரா: நோயாளர் எதிர்பார்க்க வேண்டியவை

'புரொங்கோஸ்கோப்பி' என்று குறிப்பிட்டுக் கடிதம் வந்ததுமே புற்றுநோயென முடிவுகட்டிவிடும் குடும்பங்களை நாம் அறிவோம். நெடுநாள் இருமல், சளியில் இரத்தம், எக்ஸ்றே படத்தில் நிழல் எனக் காரணங்கள் பல. காசநோயைத் தேடியும் இப்பரிசோதனை செய்யப்படுவதுண்டு. காசநோய்ச் சிகிச்சை இங்கிலாந்தில் எவருக்கும் இலவசம். வதிவிட அனுமதி இல்லாமை அதற்குத் தடையன்று.

1897 இல் ஜேர்மனிய வைத்தியர் குஸ்ராவ் கிலியன், ஒருவரின் சுவாசக்குழாயில் சிக்கிய எலும்புத்துண்டை நேரான உலோகக் குழாய்மூலம் அகற்றினார். 1966 இல் யப்பானியரான ஷிகெற்றோ இகேடா வளையும் குழாயை அறிமுகஞ்செய்தார். இன்று பெரிதும் பாவிக்கப்படுவது அதன் வழிவந்ததே, பென்சிலிலும் மெல்லியது.

மோர்டனுக்கு அண்மையிலுள்ள பெரிய வைத்தியசாலைகள் ரூட்டிங் சென். ஜோர்ஜும் கார்ஷல்ற்றன் சென். ஹீலியரும் ஆகும். எங்கு சென்றாலும், பொதுவாக ஆறு மணித்தியாலம் முன்னதாக உணவை நிறுத்த வேண்டும். பால்தேநீரும் உணவே! இரத்தத்தை ஐதாக்கும் மருந்தோ நீரிழிவு மருந்தோ எடுப்பவர்கள் முன்கூட்டியே அறிவித்தல் அவசியம், தாமாக நிறுத்தலாகாது.

தொண்டையில் தெளிக்கும் விறைப்பு மருந்து கசக்கும். பின்னர் விழுங்க இயலாதது போலத் தோன்றும். ஊசிமூலம் ஏற்றும் மருந்து அரைத்தூக்கத்தையே தரும். மூக்கு வழியாகவோ வாய் வழியாகவோ குழாய் செல்லும்போது இருமல் வரும். மூச்சு அடைத்துவிடுமென்பதே பலரின் அச்சம். குழாயைச் சுற்றிக் காற்றுச் செல்ல இடமுண்டு, ஒட்சிசனும் வழங்கப்படும். பேச முடியாதாகையால், கையால் காட்டும் சைகையை முன்னரே பேசிவைத்தல் நன்று. சிறு தசைத்துணுக்கு எடுக்கப்படுவது பெரும்பாலும் வலிப்பதில்லை.

தடுப்புக்காவலில் வதைபட்டவர்களுக்கு இவ்வுணர்வு பழையதைக் கிளறக்கூடும். அதனைத் தாதியிடம் முன்கூட்டியே கூறலாம். காரணத்தை விபரிக்க வேண்டியதில்லை.

இதனை மகனின் வாய்வழியாகச் சொல்ல எந்தத் தாய்தான் விரும்புவாள்? பிள்ளைகளோ, "அம்மா பயந்து போவா" என்று வைத்தியர் கூறுவதிற் பாதியை விழுங்கிவிடுகின்றனர். இரத்தக்கசிவு, நுரையீரலிலிருந்து காற்றுக்கசிவு போன்ற அரிதான ஆபத்துகளைக் கேட்டறியாமலே தாய் சம்மதப் பத்திரத்திற் கையொப்பமிடுகிறாள். கடிதத்திலுள்ள இலக்கத்துக்கு முன்கூட்டியே அறிவித்துத் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள், கட்டணமில்லை.

விறைப்பு நீங்கும்வரை, ஏறக்குறைய இரண்டு மணித்தியாலம், உண்ணவோ பருகவோ கூடாது. தூக்க மருந்து பெற்றவரை வளர்ந்தவர் ஒருவர் அழைத்துச் சென்று, அன்றிரவு உடனிருக்க வேண்டும். 24 மணித்தியாலம் வாகனம் ஓட்டலாகாது; சட்டத்தரணி தரும் பத்திரங்களிற் கையொப்பமிடுவதையும் ஒத்திவையுங்கள். சளியில் ஓரிரு நாள் சிறிது இரத்தம் தென்படலாம். இரத்தம் அதிகரித்தாலோ, நெஞ்சு நொந்து மூச்சுத் திணறினாலோ உடனே 999 ஐ அழையுங்கள். காசநோய்க் கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனையின் முடிவு வரச் சில வாரங்கள் செல்லும்.