கறுத்த முருகனும் முருகன் பிளம்பரும்

ஒரே தெருவில் மூன்று முருகன்கள் இருந்தால், முன்பெல்லாம் ஊரே அவர்களைப் பிரித்து வைத்துவிடும். ஒருவர் கறுத்த முருகன், இன்னொருவர் செவத்த முருகன், மூன்றாமவர் நெட்டை முருகன். தபால்காரர் கேட்டாலும் அப்படித்தான் வீட்டைக் காட்டினார்கள். பிள்ளைகளும் ‘கறுத்த முருகன் மகன்’ என்றே வளர்ந்தார்கள். இன்று அந்த மூவரும் நம் கைப்பேசியில் முருகன் பிளம்பர், முருகன் எல்ஐசி, முருகன் மேலத்தெரு என்று பதிவாகியிருக்கிறார்கள். உடம்பைச் சொல்லி ஆளைக் காட்டிய வழக்கம் குறைந்து, தொழிலையும் இடத்தையும் சொல்லிக் காட்டுவது பெருகியிருக்கிறது. நல்ல மாற்றம்தான். ஆனால் நாவிலிருந்து போன நிறம் மனத்திலிருந்தும் போயிருக்கிறதா என்பதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டும்.

பெயர்களையே எடுத்துக்கொள்வோம். தென் மாவட்டங்களில் வயதானவர்களின் பெயர்களைக் கேட்டால் கருப்பையா, கருப்பாயி, வெள்ளைச்சாமி, வெள்ளையம்மாள் எல்லாரும் அக்கம்பக்கத்தில் இருப்பார்கள். கருப்பாயி என்ற பெண் கறுப்பாக இருக்க வேண்டும் என்பதில்லை. காவல் தெய்வமான கருப்பசாமிக்கு நேர்ந்துகொண்டு பெற்ற பிள்ளை, அவ்வளவுதான். இன்று விருதுநகர், தூத்துக்குடிப் பக்கம் ஆண்பிள்ளைக்குக் கருப்பசாமி என்று இன்னமும் பெயர் வைக்கிறார்கள். பெண்பிள்ளைக்குக் கருப்பாயி என்று வைக்கும் வீடு அரிதாகிவிட்டது. வெள்ளையம்மாளும் வழக்கொழிந்த பெயர்தான், ஆனால் அது பழசாகிப் போனதால் ஒழிந்தது. கருப்பாயி போனதற்குப் பழமை மட்டும் காரணமில்லை. வகுப்பில் பிள்ளையைக் கேலி செய்வார்கள் என்று தாய்க்குத் தெரியும். ஆணிடம் தெய்வத்தின் பெயராக நிற்பது பெண்ணிடம் நிறத்தின் பெயராகிவிட்டது.

அந்தக் காலத்தில் யாரும் இதற்கெல்லாம் புண்பட்டதில்லை, இப்போதுதான் எதற்கெடுத்தாலும் மனம் நோகிறது என்று சொல்கிறவர்கள் உண்டு. என்னால் அதை ஏற்க முடியவில்லை. கறுத்த முருகன் புண்படாமல் இருந்திருக்கலாம். நிலமும் குரலும் உள்ள ஆணுக்கு அந்த அடைமொழி ஒரு விலாசம் மட்டுமே. அவர் வீட்டில் கறுத்த மூத்த மகளும் சிவந்த இளையவளும் இருந்தால் கதை வேறு. பெண் பார்க்க வந்தவர்கள் இளையவளைக் கேட்டுவிட்டுப் போன வீடுகள் எத்தனையோ. மூத்தவளைத் தேற்ற வந்த பெரியம்மா, ‘கறுப்பா இருந்தாலும் களையா இருக்கா’ என்றுதான் சொன்னாள். அந்த ‘இருந்தாலும்’ என்ற சொல்லைக் கேட்டு எந்தப் பெண்ணுக்கு மனம் நிறைந்திருக்கும்? அன்று புண்பட்டவர்களுக்கு அதைச் சொல்ல இடம் இல்லை. நமக்குக் கேட்காததை இல்லாதது என்று எண்ணிவிட்டோம்.

நிறத்தைக் கொண்டு மனிதரைப் பிரிப்பதை ஊர் வரைபடத்திலேயே எழுதிவைத்த காலமும் இருந்தது. சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையையொட்டி ஆங்கிலேயர் இருந்த பகுதி வெள்ளையர் நகரம். நெசவாளரும் வணிகரும் மொழிபெயர்ப்பாளர்களான துபாஷிகளும் வாழ்ந்த பகுதி கறுப்பர் நகரம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐந்தாம் ஜார்ஜை முன்னிட்டு அந்தப் பெயர் ஜார்ஜ் டவுன் ஆனது. ஒரு நிறத்தின் பெயர் போய் ஓர் அரசரின் பெயர் வந்தது, அதுவும் நூறாண்டு தாண்டிவிட்டது. புதுச்சேரியிலும் கால்வாய்க்கு ஒரு புறம் வெள்ளையர் பகுதி, மறுபுறம் கறுப்பர் பகுதி என்றுதான் பிரித்தார்கள். அங்கே கறுப்பர் நகரம் என்ற பெயர் மறைந்து தமிழர் பகுதி என்றாயிற்று. ஆனால் ‘ஒயிட் டவுன்’ மட்டும் விடுதி விளம்பரங்களில் இன்றும் பளிச்சென்று இருக்கிறது. வார இறுதியில் அங்கே அறை கிடைத்ததைப் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். ஒன்றைச் சொல்லக் கூசுகிறது, மற்றொன்றைச் சொல்ல இனிக்கிறது. இதைத்தான் நான் கவனிக்கச் சொல்கிறேன்.

சட்டத்திலும் இப்படி ஒரு மாற்றம் நடந்திருக்கிறது. 1833ஆம் ஆண்டின் சாசனச் சட்டம், இந்தியர் எவரையும் சமயம், பிறந்த இடம், வம்சம், நிறம் ஆகியவற்றைக் காரணம் காட்டிக் கிழக்கிந்தியக் கம்பெனியின் வேலையிலிருந்து விலக்கக் கூடாது என்றது. 1935ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டமும் அதே நான்கையும் எழுதியது. ஏட்டில் எழுதியதை ஆட்சியில் ஆங்கிலேயர் காக்கவில்லை என்பது வேறு விஷயம். 1950இல் நடப்புக்கு வந்த நம் அரசியலமைப்பின் 15ஆம் பிரிவு சமயம், இனம், சாதி, பால், பிறந்த இடம் என்று ஐந்தைச் சொல்கிறது. நிறம் அந்த வரிசையில் இல்லை. நிறம் பார்த்தவன் வெள்ளைக்காரன், அவன்தான் போய்விட்டானே என்று தோன்றியிருக்கலாம்.

அவன் போன பிறகும் நிறத்தை எடைபோடும் தராசு நம் வீடுகளில் இருந்தது. 1975இல் ‘ஃபேர் அண்ட் லவ்லி’ என்ற முகம் வெளுக்கும் களிம்பு கடைக்கு வந்தது. கடலைமாவும் பயத்தமாவும் கஸ்தூரி மஞ்சளும் தனித்தனி டப்பாக்களில் இருந்த இடத்தில் ஒரு குழாய் வந்து உட்கார்ந்தது. பின்னாளில் தொலைக்காட்சி விளம்பரங்கள் ஒரே கதையைத் திரும்பத் திரும்பச் சொல்லின: கறுத்த பெண்ணுக்கு வேலை கிடைக்காது, வரன் அமையாது, சில வாரங்களில் அவள் வெளுப்பாள், இரண்டும் கிடைக்கும். கறுப்பானவர்களைத் தாழ்ந்தவர்களாகவோ துயரப்படுகிறவர்களாகவோ காட்டக் கூடாது என்று விளம்பரத் துறையின் சுய கட்டுப்பாட்டு அமைப்பு 2014இல் விதி வகுத்தது. 2020இல் அந்தக் குழாயின் பெயர் ‘குளோ அண்ட் லவ்லி’ ஆனது. வெளுப்பு என்ற சொல் போய்ப் பொலிவு என்ற சொல் வந்தது. நாற்பத்தைந்து ஆண்டுகள் விற்ற ஆசையைப் பெயர் மாற்றத்தால் திரும்பப் பெற முடியுமா? மளிகைக் கடையில் பலர் இன்றும் பழைய பெயரைச் சொல்லித்தான் அதைக் கேட்கிறார்கள்.

திருமணச் சந்தையில் மாற்றம் இன்னும் நுட்பமானது. வரிக்கு இவ்வளவு என்று கட்டணம் வாங்கிய நாளிதழ் விளம்பரங்களில்கூட ‘சிவந்த நிறம்’ என்ற இரண்டு சொல்லுக்கு இடம் ஒதுக்கினார்கள். கறுத்த பெண்ணுக்கு அந்த இடம் காலியாக இருந்தது, அல்லது மாநிறம் என்று எழுதினார்கள். இணையதளங்கள் வந்தபோது நிறத்துக்கென்று ஒரு கட்டமே வந்தது. விரும்பும் நிறத்தைத் தட்டினால் மற்றவர்கள் திரையிலிருந்து மறைவார்கள். 2020 ஜூனில், அமெரிக்காவின் டாலஸ் நகரில் வாழும் ஓர் இந்தியப் பெண் தொடங்கிய மனுவுக்குப் பிறகு ஷாதி டாட் காம் என்ற திருமணத் தளம் அந்த வடிகட்டியை எடுத்தது. கட்டம் போயிற்று, ஆனால் கேள்வி போகவில்லை. ‘பொண்ணு கலரா?’ என்று தரகர் கைப்பேசியில் கேட்கிறார். ‘கொஞ்சம் நிறம் கம்மி, ஆனா நல்ல பொண்ணு’ என்று மறுமுனை சொல்கிறது. நிறம் என்றாலே சிவப்பு, கறுப்பு என்றால் நிறக் குறைவு. இந்தக் கணக்கு ‘கறுத்த முருகன்’ என்ற பழைய அடைமொழியைவிடக் கொடுமையானது. அது ஒரு நிறத்தைச் சொன்னது. இது ஒருத்திக்கு நிறமே போதவில்லை என்கிறது. வரனுக்குக் கொடுக்கும் படத்திலும் இதே கணக்குதான். அன்று ஸ்டுடியோக்காரர் கறுப்பு வெள்ளைப் படத்தில் தூரிகையால் முகத்தை வெளுப்பாக்கினார். இன்று கைப்பேசிக் கேமரா யாரும் கேட்காமலே அதைச் செய்துவிடுகிறது.

என் மனத்தை மிகவும் உறுத்துவது பேறுகால அறைதான். கர்ப்பிணிக்குக் குங்குமப்பூ கலந்த பால் கொடுப்பது அன்றும் உண்டு, இன்றும் உண்டு. அன்று வசதியானவர் வீட்டில் மட்டும் இருந்தது இன்று பல வீடுகளுக்கு வந்திருக்கிறது. அதனால் பிள்ளையின் நிறம் மாறாது, பெரிய கேடும் இல்லை. ஆனால் இரும்புச்சத்து மாத்திரை தின்றால் பிள்ளை கறுத்துவிடும் என்று அதை ஒதுக்கிவைத்த வீடுகளும் உண்டு. ரத்தசோகையால் பிரசவத்தில் தாய்க்கு நேரக்கூடிய ஆபத்தைவிடப் பிறக்காத பிள்ளையின் நிறம் பெரிதாகத் தெரிந்திருக்கிறது. பிள்ளையின் நிறம் பெற்றோரிடமிருந்து வரும் மரபணுக்களால் அமைவது. நம் மக்களிடம் அவை பலவிதமாகக் கலந்திருப்பதால் ஒரே வயிற்றில் வெவ்வேறு நிறத்தில் பிள்ளைகள் பிறக்கின்றன. கறுத்த தோலில் உள்ள கூடுதல் மெலனின், சுட்டெரிக்கும் வெயிலின் புற ஊதாக் கதிரிலிருந்து உடம்பைக் காக்கிறது. இவ்வளவும் இன்று பள்ளிப் பாடத்தில் படிக்கக் கிடைக்கும் செய்தி. அதையும் படித்த வீட்டில்தான் பிள்ளையைப் பார்த்ததும், ‘யாரைப் போல கறுப்பு?’ என்று கேட்கிறார்கள்.

இந்த மாற்றங்களில் உண்மையில் கைக்கு வந்த ஆதாயம் ஒன்று உண்டு. புண்பட்டவர்கள் வாய்திறந்து சொல்கிறார்கள். தமிழ்நாட்டுக் கிரிக்கெட் வீரர் அபினவ் முகுந்த், சிறுவயதிலிருந்தே தன் நிறத்தைக் குறித்துக் கேட்ட கேலிகளை 2017இல் பொதுவெளியில் எழுதினார். வெயிலில் ஆடிக் கறுத்ததற்காக ஒருநாளும் வருந்தியதில்லை என்றார். எண்பதுகளில் இந்தியாவுக்காகச் சுழற்பந்து வீசிய எல். சிவராமகிருஷ்ணன், வாழ்நாள் முழுதும் சொந்த நாட்டிலேயே நிறத்துக்காக ஒதுக்கப்பட்டதை 2021இல்தான் வெளியே சொன்னார். எண்பதுகளில் அதை அவர் யாரிடம் சொல்லியிருக்க முடியும்? கேரளத்தின் தலைமைச் செயலாளராக இருந்த சாரதா முரளீதரன், அப்பதவியில் கணவரின் பணிக்காலம் வெள்ளை, தன்னுடையது கறுப்பு என்று ஒருவர் சொன்னதைப் பற்றி 2025இல் எழுதினார். நான்கு வயதில், தன்னை மறுபடி வயிற்றில் வைத்து வெள்ளையாகப் பெற்றெடுக்க முடியுமா என்று தாயிடம் கேட்டாராம். ஒரு மாநிலத்தின் மிக உயர்ந்த அதிகாரியிடம், அதுவும் இந்த ஆண்டுகளில், நிறத்தைச் சொல்லிப் பேச ஒருவருக்கு நா எழுந்திருக்கிறது.

அன்பாகச் சொன்னால் பரவாயில்லையா என்ற கேள்விக்கு டேரன் சாமியின் அனுபவத்தை நினைத்துக்கொள்கிறேன். மேற்கிந்தியத் தீவுகளின் அணித்தலைவராக இருந்த அவர் ஐபிஎல்லில் ஹைதராபாத் அணிக்கு ஆடியபோது, ‘காலூ’ (இந்தியில் கறுப்பன்) என்று அழைத்திருக்கிறார்கள். வலிமையானவன் என்று பொருள் போலும் என எண்ணியிருந்தவர், 2020இல் அர்த்தம் தெரிந்ததும் கோபப்பட்டார். அழைத்தவர்களில் ஒருவரோடு பேசிய பிறகு, அது அன்பால் சொன்னது என்று ஏற்றுக்கொண்டார். நம் ஊரில் ‘டேய் கருப்பா’ என்று நண்பனைத் தோளில் கைபோட்டு அழைப்பவனிடமும் அந்த அன்பு உண்டு, நான் மறுக்கவில்லை. ஆனால் அழைக்கிறவனுக்குத் தன் மனம் தெரியும்; அழைக்கப்படுகிறவனுக்கு அந்தச் சொல்லை இதற்கு முன் சொன்ன அத்தனை பேரின் மனமும் தெரியும்.

நிறத்தைச் சொல்லவே கூடாது என்றும் நான் நினைக்கவில்லை. காவல் நிலையத்தின் ‘காணவில்லை’ அறிவிப்பில் உயரம், உடல்வாகு, உடுத்தியிருந்த உடை ஆகியவற்றோடு நிறமும் இருக்கிறது. அன்று அது சுவரொட்டியில் வந்தது, இன்று வாட்ஸ்அப்பில் படத்தோடு வருகிறது. மாநிறம், கறுப்பு நிறம் என்று அங்கே எழுதினால் எந்தத் தாயும் புண்படமாட்டாள். பிள்ளை கிடைக்க வேண்டும் என்பதுதான் அவளுடைய தவிப்பு. தேவை இருக்கும் இடத்தில் நிறம் ஒரு தகவல். தேவை இல்லாத இடத்தில், குறை சொல்லும் குரலில், அது வசை. ‘நிறம் கம்மி’ என்று நாகரிகமாகச் சொன்னாலும் வசைதான்.

இதைப் படிக்கிறவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. பிள்ளை பிறந்த வீட்டுக்குப் போனால் எடை கேளுங்கள், தாய்க்கு உடம்பு எப்படி இருக்கிறது என்று கேளுங்கள்; நிறத்தைப் பற்றி நல்லதாகக்கூட எதுவும் சொல்ல வேண்டாம். வரன் பார்க்கும்போது தரகர் நிறம் கேட்டால், அந்தக் கேள்விக்கு எங்கள் வீட்டில் பதில் இல்லை என்று சொல்லுங்கள்.