வீடற்றோருக்கு உதவும் எளிய வழிகள்

பசித்து வந்தவரை வெறும் வயிற்றோடு அனுப்புவது தமிழர் வீட்டு வழக்கமல்ல. ஆனால் இலண்டன் மாநகரில் பசித்தவர் வீடு தேடி வருவதில்லை. புகையிரத நிலையத்தின் ஓரத்திலும், பூட்டிய கடைகளின் வாசலிலும் அட்டையை விரித்துப் படுத்திருக்கிறார். வேலைக்கு விரைவோர் அவரைக் கடந்து செல்கின்றனர். அவர்களுக்கு இரக்கம் இல்லையென்று சொல்ல முடியாது. என்ன செய்வதென்று அறியாமலே பலர் விலகிப் போகின்றனர்.

செலவில்லாத முதல் உதவி பேச்சு. முகம் பார்த்து வணக்கம் சொல்லலாம். "ஏதாவது தேவையா?" என்று கேட்கலாம். எப்படி இந்த நிலைக்கு வந்தார் என்று துருவுதல் வேண்டாம். படம் பிடித்தலும் வேண்டாம்.

உணவு கொடுப்பதானாலும் கேட்டே கொடுக்க வேண்டும். காரம் பழகாதவருக்கு எமது சாம்பார் சாதம் தண்டனையாகிவிடும். பல் கெட்டவருக்கு அப்பிள் பழம் பயன்படாது. சூடான தேநீர், சூப், மென்மையான பாண், வாழைப்பழம் ஆகியவை பெரும்பாலானோருக்கு ஏற்றவை. உடைகளில் மிகவும் தேவைப்படுவது புதிய காலுறை. ஈரக் காலுறையுடன் பல நாள் இருந்தால் பாதம் புண்ணாகும். கையுறை, உள்ளாடை, பற்தூரிகை, பற்பசை என்பனவும் உதவும்.

சிலர் வீதியில் 'பிக் இஷ்யூ' சஞ்சிகை விற்பதைக் காணலாம். 1991ஆம் ஆண்டு இலண்டனில் தொடங்கிய இச்சஞ்சிகையை, விற்பவர் அட்டை விலையில் பாதியைத் தமது பணத்திலிருந்து கொடுத்து வாங்கியே விற்கிறார். அது பிச்சையல்ல, தொழில். எனவே காசு கொடுப்பவர் சஞ்சிகையையும் பெற்றுக்கொள்வதே அவருக்குச் செய்யும் மரியாதை.

வெளியே படுத்திருப்பவரைக் கண்டால் 'ஸ்ட்றீட்லிங்க்' சேவையின் இணையத்தளத்தில் அறிவிக்கலாம். 2012ஆம் ஆண்டு ஆரம்பிக்கப்பட்ட இச்சேவை, அச்செய்தியை அப்பகுதியில் வீடற்றோரைத் தேடிச் செல்லும் பணியாளர்களிடம் சேர்ப்பிக்கிறது. வீதியின் பெயர் மட்டும் போதாது. எந்தக் கடையின் வாசல், எத்தனை மணிக்குக் கண்டது, என்ன உடை என்ற விபரம் இருந்தால்தான் அவரைக் கண்டுபிடிக்க முடியும். இரவு வெப்பநிலை பூச்சியம் பாகைக்கு இறங்குமென்று எதிர்பார்க்கப்படும் நாட்களில் இலண்டனில் அவசரத் தங்குமிடங்கள் திறக்கப்படுகின்றன. அந்த நாட்களில் ஓர் அறிவித்தல் ஓர் உயிரைக் காக்கக் கூடும். குளிரில் கிடப்பவரின் பேச்சுக் குழறினாலோ, நடுக்கம் நின்று மயங்கிக் கிடந்தாலோ தாமதியாமல் 999ஐ அழைக்க வேண்டும்.

வீடற்றோர் எல்லோரும் வீதியில் இருப்பதில்லை. நண்பரின் சோபாவில் இரவைக் கழிக்கும் மாணவர், குடும்பப் பிணக்கால் வெளியேறி உறவினர் வீடுகளில் மாறி மாறித் தங்கும் முதியவர் போன்றோரும் சட்டத்தின் பார்வையில் வீடற்றவராகக் கருதப்படலாம். இத்தகையோர் தமிழர் மத்தியிலும் உண்டு. வெட்கத்தால் வாய் திறப்பதில்லை. 2018 ஏப்ரல் முதல் இங்கிலாந்தில் நடைமுறையிலுள்ள சட்டத்தின்படி, 56 நாட்களுக்குள் வீட்டை இழக்கும் நிலையில் இருப்பவர், உதவி பெறத் தகுதியுடையவராயின், அதைத் தடுக்க உள்ளூர் கவுன்சில் முயற்சி எடுத்தாக வேண்டும். ஆகவே கடைசி நாள்வரை காத்திருத்தல் தவறு. குடிவரவு நிபந்தனைகளால் அரச உதவி மறுக்கப்பட்டவர்கள் விண்ணப்பிக்குமுன் ஆலோசனை பெறுதல் நன்று. 1966இல் தொடங்கிய 'ஷெல்டர்' நிறுவனம் வீட்டுப் பிரச்சினைகளுக்கு இலவச ஆலோசனை வழங்குகிறது. கூடச் சென்று ஆங்கிலத்தில் பேசி உதவ ஒருவர் இருந்தாலே பாதிப் பாரம் குறையும்.

பொருள் சேர்க்க விரும்பும் குடும்பங்கள், அருகிலுள்ள தங்குமிடத்தை அழைத்து அங்கு என்ன தேவை என்று முதலில் கேட்பது நல்லது. கேளாமல் கொண்டுபோய்க் குவிக்கும் பழந்துணி அவர்களுக்குச் சுமையே. பிறந்தநாள், திவச நாட்களில் அன்னதானம் செய்யும் அன்பர்கள், அத்தொகையில் ஒரு சிறு பங்கைக் காலுறைக்கும் கையுறைக்கும் ஒதுக்கலாம். மார்கழிக் குளிருக்கு முன்பே அவை உரியவரிடம் போய்ச் சேரட்டும்.