நிமிர்ந்து நின்றால் சோம்பேறியா?

போன கார்த்திகையில் எங்கள் சம்பா வயலில் கைக்களை நடந்தது. ஏழு பேர் இறங்கியிருந்தார்கள். பதினோரு மணி வாக்கில் ஒரு அக்கா இரண்டு கையையும் இடுப்பில் ஊன்றி மெல்ல நிமிர்ந்தார். வரப்பில் நான் நிற்பதைப் பார்த்ததும் சட்டென்று மறுபடி குனிந்துவிட்டார்.

"ஏன்க்கா, கொஞ்சம் நின்னுட்டு எடுங்களேன்" என்றேன்.

"நின்னா வேலை செய்யலைன்னு நினைப்பீங்கல்ல தம்பி" என்றார்.

சுருக்கென்று இருந்தது. களைக்கொல்லியை நிறுத்திவிட்டோம் என்று கூட்டங்களில் பெருமையாகப் பேசுகிறோம். நல்ல விஷயம்தான். ஆனால் அந்த வேலை யார் இடுப்பில் போய் ஏறியது என்று நாம யோசிச்சிருக்கோமா?

இடுப்புக்குள் என்ன நடக்குது?

அடிமுதுகில் 5 எலும்புகள் இருக்கின்றன. அவற்றுக்கு இடையில் நாம் 'ஜவ்வு' என்று சொல்லும் டிஸ்க், மோட்டாரில் போடும் வாஷர் மாதிரி, அதிர்ச்சியைத் தாங்குகிறது. முதுகெலும்பு கம்பு மாதிரி நேரானது இல்லை. இடுப்புப் பகுதியில் உள்பக்கமாக ஒரு வளைவு உண்டு. குனியும்போது அந்த வளைவு மாறி, ஜவ்வின் முன்பக்கம் நசுங்குகிறது, பின்பக்கம் இழுபடுகிறது.

சுவீடன் மருத்துவர் நாக்கெம்சன் இந்த அழுத்தத்தை அளந்து பார்த்தார். நிமிர்ந்து நிற்கையில் 100 என்று வைத்தால், முன்னால் குனிந்தால் ஏறத்தாழ 150, சுமையோடு குனிந்தால் 200-ஐயும் தாண்டும்.

அதுக்காக குனியவே கூடாதுன்னு அர்த்தமில்லை. குனியவும் நிமிரவும்தான் இடுப்பு இருக்கிறது. குனிந்தபடியே மணிக்கணக்கில் இருப்பதுதான் சிக்கல். அப்போது தசைநார்கள் நீண்டு தளர்ந்துவிடும். பழைய நிலைக்கு வர நேரம் பிடிக்கும். அந்த நேரத்தில் நாற்றுக்கட்டையோ சாணிக்கூடையையோ வெடுக்கென்று தூக்கினால் பிடித்துக்கொள்ளும்.

இன்னொன்று, இரவு படுத்திருக்கும்போது ஜவ்வு நீரை உறிஞ்சி உப்பியிருக்கும். எழுந்த உடனே குனிந்து பாரம் தூக்கினால் அதற்கு அழுத்தம் கூடுதல். முதல் அரைமணி, ஒரு மணி நேரம் மடை பார்ப்பது, வரப்பில் நடப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு குட்டைக் கொத்தின் கதை

அமெரிக்காவின் கலிபோர்னியாவில் கீரை, கிழங்கு வயல்களில் குட்டைப்பிடி களைக்கொத்தைத்தான் கொடுப்பார்கள். நாள் முழுக்க இரண்டாக மடிந்து வேலை செய்யணும். மேஸ்திரிகளுக்கு அது வசதி. யார் நிமிர்ந்து நிற்கிறார்களோ அவர் வேலை செய்யவில்லை என்று தூரத்திலிருந்தே தெரிந்துவிடும். நீண்ட பிடி போட்டால் பயிர் சேதமாகும் என்றார்கள் முதலாளிகள். தொழிலாளர்கள் வழக்காடினார்கள். 1975-ல் குட்டைக் கொத்து தடை செய்யப்பட்டது. விவசாயம் ஒன்றும் நின்றுபோகவில்லை.

அந்த மேஸ்திரியின் கண்ணோடு நாமும் வரப்பில் நிற்கிறோமா?

நம்ம வயலில் என்ன செய்யலாம்?

• வரிசை நடவு செய்யுங்கள். 25 செ.மீ. இடைவெளி இருந்தால் கோனோவீடரை நின்றபடியே உருட்டலாம். குத்துக்குப் பக்கத்தில் இருக்கும் களையை மட்டும் கையால் எடுத்தால் போதும்.

• தோட்டக்காலில் மூடாக்கு போடுங்கள். முளைக்காத களைக்குக் குனிய வேண்டியதில்லை.

• களைக்கொத்துக்கும் மண்வெட்டிக்கும் ஆள் உயரத்துக்கு ஏற்ப நீளப் பிடி போடுங்கள்.

• இருபது, முப்பது நிமிடத்துக்கு ஒருமுறை எல்லோரும் சேர்ந்து நிமிருங்கள். இடுப்பில் கை வைத்து, மெதுவாக ஐந்து தடவை பின்னால் சாயுங்கள்.

• பாரம் தூக்கும்போது முழங்காலை மடக்கி, சுமையை வயிற்றோடு ஒட்டித் தூக்குங்கள். தூக்கிக்கொண்டே இடுப்பைத் திருப்பாமல் காலை எடுத்து வைத்துத் திரும்புங்கள்.

• ஜீவாமிர்தத்தை ஒரே குடத்தில் ஒரு பக்கமாகச் சுமக்காமல், இரண்டு வாளியில் பாதிப்பாதியாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

• 16 லிட்டர் தெளிப்பானைத் தரையிலிருந்து தூக்காமல், திண்டில் வைத்து முதுகில் மாட்டுங்கள்.

வலி வந்துவிட்டால் நாள்கணக்கில் படுத்துக் கிடக்க வேண்டாம். முடிந்த அளவு நடங்க. பெரும்பாலான வலி சில வாரங்களில் குறைந்துவிடும். ஆனால் கால் மரத்துப் போனாலோ, பலம் குறைந்தாலோ, காய்ச்சலோடு வலி இருந்தாலோ மருத்துவரைப் பாருங்கள். சிறுநீர், மலம் கட்டுப்பாட்டில் இல்லை, தொடை இடுக்கில் உணர்ச்சி இல்லை என்றால் ஒரு நாளும் தள்ளிப்போடாமல் ஆஸ்பத்திரிக்கு ஓடணும்.

இந்த வருஷம் பாதி வயலில் வரிசை நடவு போட்டு, கோனோவீடர் உருட்டினோம். மீதியில் கைக்களைதான். அரைமணிக்கு ஒருமுறை நானே குரல் கொடுத்தேன். முதல் நாள் எல்லோரும் கூச்சப்பட்டார்கள். மூன்றாம் நாள் அந்த அக்காவே கூப்பிட்டார்: "தம்பி, நேரமாச்சு, நிமிரலாமா?"

மண்ணைக் காப்பாத்துற நாம, அதில் குனியிற மனுஷங்களையும் காப்பாத்தணும்ல!