எம்.எஸ். நோய்: எந்த மருந்து என்று முடிவு செய்யும் முன்



மருத்துவச் செலவுக்கு உள்கடன் கேட்கும் உறுப்பினர்களிடம் என்ன நோய் என்று கேட்டால் சர்க்கரை, கர்ப்பப்பை, இதயம் என்று பதில் வரும். எப்போதாவது, "எம்.எஸ்.னு டாக்டர் சொல்றாருங்க. மூணு மருந்து இருக்கு, எது வேணும்னு கேக்குறாரு. எங்களுக்கு ஒண்ணும் புரியலை" என்றும் வருகிறது. அப்படித் தவிக்கும் குடும்பங்களுக்காக இதை எழுதுகிறோம்.

எம்.எஸ். என்றால் என்ன?

மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்பதன் சுருக்கம் இது. தமிழில் தண்டுவட மரப்பு நோய் என்கிறார்கள். கரண்டு வயருக்கு மேலே உறை இருப்பதுபோல நம் நரம்புகளுக்கும் உறை உண்டு. உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்பு சக்தியே மூளை, தண்டுவடம், கண் நரம்பு ஆகியவற்றில் உள்ள அந்த உறையை அரித்துவிடுகிறது. ஒரு கண் மங்கும், கால் மரத்துப்போகும், நடை தள்ளாடும்.

பெரும்பாலும் 20 முதல் 40 வயதுக்குள் தொடங்கும். ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு, மூன்று மடங்கு அதிகம். இது தொற்றுநோய் அல்ல, செய்வினையும் அல்ல.

பலருக்கு இது விட்டு விட்டு வரும். சில வாரத்தில் குறைந்ததும் "சரியாப் போச்சு" என்று இருந்துவிடுகிறோம். ஆனால் ஒவ்வொரு தாக்குதலும் கொஞ்சம் ஊனத்தை விட்டுச் செல்லலாம்.

இரண்டு வேலை, இரண்டு மருந்து

தாக்குதல் வந்தவுடன் மூன்று முதல் ஐந்து நாள் ஸ்டீராய்டு மருந்து டிரிப்பில் ஏற்றுவார்கள். அது குணத்தை விரைவுபடுத்தும். அடுத்த தாக்குதலைத் தடுக்காது. தடுப்பதற்கு வேறு மருந்து, நன்றாக இருக்கும் நாளிலும் தொடர்ந்து எடுக்க வேண்டும். நோயை அது அடியோடு போக்காது, தாக்குதல்களைக் குறைக்கும். டாக்டர் "எது வேணும்?" என்று கேட்பது இந்த இரண்டாவது மருந்தைத்தான்.

* ஊசி: இன்டர்ஃபெரான், கிளாட்டிராமர். வீட்டிலேயே போட்டுக்கொள்ளலாம். பல ஆண்டு அனுபவம் உள்ளவை, வீரியம் மிதமானது. குளிர்சாதனப் பெட்டியில் வைக்க வேண்டும்.
* மாத்திரை: டைமெத்தில் ஃபியூமரேட், டெரிஃப்ளுனோமைடு, ஃபிங்கோலிமாட். அவ்வப்போது ரத்தப் பரிசோதனை தேவை. ஃபிங்கோலிமாட் முதல் மாத்திரை போட்டதும் ஆறு மணி நேரம் இதயத் துடிப்பைக் கவனிப்பார்கள்.
* டிரிப்: நடாலிசுமாப் மாதம் ஒரு முறை, ஆக்ரெலிசுமாப் ஆறு மாதத்துக்கு ஒரு முறை. ரிட்டுக்சிமாப் ரத்தப் புற்றுநோய்க்கு வந்த மருந்து, எம்.எஸ்.ஸுக்கும் பல டாக்டர்கள் தருகிறார்கள். இவை வீரியம் கூடியவை. கிருமித் தொற்று அபாயமும் கூடும்.

டாக்டரிடம் கேட்க வேண்டியவை

1. "எம்.எஸ். என்பது உறுதிதானா?" என்.எம்.ஓ. என்ற நோயும் இதேபோல இருக்கும். எம்.எஸ். மருந்துகளில் சில அந்த நோயை மோசமாக்கிவிடும். பிரித்தறிய ஒரு ரத்தப் பரிசோதனை உண்டு.

2. "என் நோய் எவ்வளவு தீவிரம்?" அடிக்கடி தாக்குதல், ஸ்கேனில் நிறையப் புள்ளிகள், நடையில் குறை இருந்தால் ஆரம்பத்திலேயே வீரியமான மருந்து தேவைப்படலாம்.

3. "குழந்தை பெற்றுக்கொள்ளலாமா?" எம்.எஸ். தாய்மைக்குத் தடை இல்லை. ஆனால் டெரிஃப்ளுனோமைடும் ஃபிங்கோலிமாடும் கருவைப் பாதிக்கலாம். கல்யாணம் நிச்சயமாகியிருந்தாலும் மறைக்காமல் முன்பே சொல்லுங்கள்.

4. "பழைய காசநோய், மஞ்சள் காமாலை இருந்ததே, பரவாயில்லையா?" வீரியமான மருந்துக்கு முன் இவற்றைப் பரிசோதிக்க வேண்டும்.

5. "பாதியில் நிறுத்தினால் என்ன ஆகும்?" நாங்கள் மிக முக்கியமாகக் கருதுவது இதைத்தான். ஃபிங்கோலிமாட், நடாலிசுமாப் இரண்டையும் திடீரென நிறுத்தினால் நோய் முன்பைவிடக் கடுமையாகத் திரும்பலாம். "இந்த மாசம் பணம் இல்லை, அடுத்த மாசம் பார்க்கலாம்" என்பது இங்கே ஆபத்து.

ஆகவே மாத விலை, பரிசோதனைச் செலவு, பஸ் செலவு, போகவர இழக்கும் கூலி எல்லாவற்றையும் கூட்டி ஒரு வருடக் கணக்குப் போடுங்கள். முதல் மாதம் வாங்க முடிந்த மருந்தா என்று பார்ப்பதைவிட, வருடக்கணக்கில் விடாமல் எடுக்க முடிந்த மருந்தா என்று பாருங்கள். முடியாது என்றால் வெட்கப்படாமல் டாக்டரிடமே, "எங்க வசதிக்குத் தொடர்ந்து எடுக்கிற மாதிரி எது இருக்குங்க?" என்று கேளுங்கள். ரிட்டுக்சிமாப் 2007 முதல் இந்தியாவிலேயே தயாராவதால் பல குடும்பங்களுக்கு அது ஒரு வழியாக இருக்கிறது.

உதவி எங்கே?

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் நரம்பியல் பிரிவில் காட்டுங்கள். அங்குள்ள காப்பீட்டுத் திட்டப் பிரிவிலும் விசாரியுங்கள். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் பட்டியலில் எம்.எஸ். இருக்கிறது. எனவே மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கலாம்.

குழுக்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்த நோயில் களைப்பு கடுமையாக இருக்கும், வெயிலில் கூடும். வெளியே பார்த்தால் ஆள் நன்றாகத் தெரிவார். கூட்டத்துக்கு வராத சகோதரியை "சோம்பேறி" என்று சொல்லாதீர்கள். அடுத்த முறை அவர் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது, மேலே உள்ள ஐந்து கேள்விகளை எழுதி எடுத்துக்கொண்டு ஒருவர் கூடப் போய்வாருங்கள்.